பாய்லர் கொட்டகை

இன்று கல்யாண மண்டபத்தில் முகம் கழுவியபோது வெந்நீரில் விறகுப்புகை மணத்தது. திருச்சானூர் லாட்ஜின் பின்புறத்தில், இப்போது கார்கள் நிற்கும் இடத்தில், என் சின்ன வயதில் ஒரு பாய்லர் கொட்டகை இருந்தது. அங்கே யாத்ரீகர்களுக்கு வெந்நீர் போட்ட நைனா, என் அப்பா, விளக்கு வைக்கும் நேரத்தில் மிஞ்சியதை விளாவி, கையெல்லாம் கரி என்பதால் முழங்கையால் சூடு பார்த்து, என்னைக் குளிப்பாட்டுவார்.

அறைதோறும் கீசர் வந்ததும் அவருக்கு வேலை போனது. குவைத்துக்குக் கிளம்பிய சாயங்காலமும் புதுச்சட்டையோடு வந்து அடுப்பை மூட்டினார். நான் குளித்து முடித்தால் பஸ் ஏறிவிடுவார்.

“இன்னொரு சொம்பு, நைனா.”

“வெரலெல்லாம் ஊறிப்போச்சு. நீ இன்னா மீன்குஞ்சாடி?”

“சோப்பு போகல.”

சோப்பு எப்போதோ போயிருந்தது, தண்ணீரும் ஆறிவிட்டது. நைனா ஊற்றிக்கொண்டே இருந்தார். ஈரச்சட்டையோடுதான் பஸ் ஏறினார்.