ஏகாதசியன்று என் பூனைக்கு வந்த மயக்கம்

நம் தில்லித் தமிழர் குழுவில் இதுவரை வாயைத் திறக்காமல் இருந்தது போதும்.

என் வீட்டில் என்னைத் தவிர இருப்பது அப்பு மட்டும்தான். பதினான்கு வயதுப் பூனை, சர்க்கரை நோயாளி. அளந்த உணவு, இரண்டு வேளை இன்சுலின். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை என்று டாக்டர் நான்கு மாதமாக ஊசியின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்.

இன்று காலை ஊசி போட்ட சில மணி நேரத்தில் அப்பு சரிந்து விழுந்தான். கால்கள் வெட்டி இழுத்தன. சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று டாக்டர் போனில் "ஜல்தி, ஜல்தி" என அவசரப்படுத்த, அவன் ஈறில் தேனைத் தடவிக்கொண்டே அழுதேன்.

சத்தம் கேட்டு மேல்வீட்டு மாமி இறங்கி வந்தார்.

"பசி மயக்கம்தான். இன்னிக்கு ஏகாதசி, ஆத்துல சாதம் வடிக்கலையே."

"மாமி, தினமும் இவனுக்குச் சாதம் போடறேளா?"

"ஒரு கரண்டி தயிர்சாதம். நீங்க பட்டினி போடறேள், பாவம் இல்லையா?"

"அந்தச் சாதத்துக்கும் சேர்த்துத்தான் ஊசி ஏறியிருக்கு மாமி! செத்திருப்பான்!"

"அச்சா, நாளைக்கு துவாதசி. ரெண்டு கரண்டியா போட்டுடறேன்."

அப்பு கண் திறந்துவிட்டான். நாளைய ஊசியைக் குறைக்க வேண்டுமென்றால், சாதம் நிற்குமா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். கதவைப் பூட்டலாம், அவசரத்துக்கென்று மாமியிடம் சாவி கொடுத்து வைத்ததும் நான்தான். சண்டை போடலாம், மூன்று முறை என் பதவி உயர்வைத் தடுத்த அதிகாரி மாமியின் கணவர்தான்.

எனவே, மாமியும் இருக்கும் இந்தக் குழுவில் பெயர் போடாமல் பதிவிடுகிறேன். எங்கள் பிளாக்கில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பூனை வேறு யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து கை தூக்குங்கள்.