ரசம் கேட்டால் இலையை மாற்றுவதா?

புரட்டாசிச் சனிக்கிழமை. விரதக்காரர் மேசைக்கு ஆட்டிறைச்சிப் பிரட்டல் போனால் என்ன ஆகும்?

குடும்பமே எழுந்து போகும். போனது! ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் சரோஜா அக்காவின் கண்ணெதிரே, அரை வயிற்றோடு. காரணம் யார்? அடியேன்தான். அந்தச் சமையலறைக்கு ஆர்டர் காட்டும் செயலியை எழுதியவன்.

வயிற்றுப்பாட்டுக்குச் செயலி எழுதுவதும், வாரம் ஒருமுறை உங்களிடம் புலம்புவதும்தானே என் பிழைப்பு...

நடந்தது இதுதான். சமையற்காரர் பிரட்டலைத் தட்டில் வைத்துவிட்டு, முடிந்தது என்று குறிக்கச் சமையலறைப் போனில் அந்த ஆர்டரைத் தொடப் போகிறார். அதே நொடியில் மேலே புது ஆர்டர் ஒன்று வந்து விழுகிறது. திரை ஒருமுறை வெளுத்து, மொத்தப் பட்டியலும் மறுபடி வரையப்பட்டு, எல்லாம் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. விரல் விழுந்தது சைவ மேசையின் ஆர்டரில். 'ரெடி' என்று அந்த எண் மின்ன, பரிமாறுபவர் தட்டோடு அங்கே போய்விட்டார்.

அக்கா கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“கடை பேரு ஒரு தடவ கெட்டா போதும் லா தம்பி. அடுத்த சனிக்கிழமையும் இப்படி ஆச்சுனா, எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடு.”

ஈப்போவுக்குத் திரும்பும் வழியெல்லாம் என் மேலேயே எனக்குக் கோபம். தப்பு எங்கே? என் செயலி ஒவ்வோர் ஆர்டரையும் அது நிற்கும் இடத்தை வைத்தே அடையாளம் கண்டது. முதல் வரி, இரண்டாம் வரி... மேலே ஒன்று புதிதாக நுழைந்தால் எல்லாரும் ஓர் இடம் நகர்வார்கள். செயலிக்கோ எல்லாருமே புது ஆள்! உடனே முழுத் திரையையும் அழித்து வரையும். பழைய போன், பாவம், மூச்சு வாங்கியது.

ஒவ்வோர் ஆர்டருக்கும் மாறாத அடையாளம் ஒன்று கொடுத்தேன். இனி செயலி பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிடும். மாறிய வரியை மட்டும் வரையும். மற்றதைத் தொடாது. புது ஆர்டர் வரிசையின் வாலில் நிற்கும். முடிந்த ஆர்டர் நிறம் மட்டும் மாறும்.

என்ன செய்தாய் என்று கேட்டார் அக்கா.

“ரசம் கேட்டா ரசம்தானே ஊத்துவீங்க அக்கா? நான் இலையையே மாத்திக்கிட்டு இருந்தேன்.”

அவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை வரட்டும் என்றார்.

வந்தது. நல்ல கூட்டம். போன் பக்கத்திலேயே நின்றேன். ஆர்டர் கொட்டியது, திரை அசையவில்லை. ஒரு வரி பச்சையாகும், அவ்வளவுதான். அப்போது பார்த்தால்... அதே குடும்பம் உள்ளே வருகிறது! அக்கா வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு அழைத்திருக்கிறார்.

கூட்டு வந்தது, பொரியல் வந்தது, அப்பளம் வந்தது. தப்பாக ஒன்றும் வரவில்லை. பாயசத்தை இரண்டாவது முறை கேட்டு வாங்கி, நிம்மதியாக இலையை மடித்தார் அந்த வீட்டு அண்ணன். எனக்குக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. சமையலறை வழுக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார்.

“கமுந்திங்ல இருக்கற என் தங்கச்சி கடைக்கும் இதையே போட்டுக் குடு தம்பி.”

ஒரு தப்புக்காக ஆளையே அழித்துவிடாமல், தப்பான வரியை மட்டும் திருத்தச் சொன்னார் பாருங்கள்... இந்த டெக்னிக் அக்காவுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது!