கழுத்துவரை நிறைந்த பாட்டில்

அக்காவின் தண்ணீர் பாட்டில் காலையில் கழுத்துவரை நிறைந்து வரும். சாயங்காலம் கழுத்துவரை நிறைந்தே வீட்டுக்குத் திரும்பும். நீல மூடி போட்ட பழைய குளிர்பான பாட்டில். பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் என்னோடு வேலை பார்த்த அந்த அக்கா எனக்கு எதிரே நின்று, ஓட்டையும் எண்ணெய்க்கறையும் தேடி ஒவ்வொரு துணியாகத் திருப்பிக்கொண்டிருப்பார். அந்த டேபிளுக்கு நான்தான் பொறுப்பு. அவரைவிடப் பத்து வயது சின்னவள், வாய் மட்டும் பெரிது.

எங்கள் கம்பெனியில் பாத்ரூம் போக டோக்கன் எடுக்க வேண்டும். டேபிளுக்கு ஒரே ஒரு மரக்கட்டை, என் தலைக்குமேல் ஆணியில் தொங்கும். போனவர் வந்து மாட்டினால்தான் அடுத்தவர் போகலாம். ஷிப்மென்ட் சமயத்தில் அதை எடுப்பவரை எல்லோரும் முறைப்பார்கள். அதனால் தண்ணீர் குடிக்காமல் பொழுதை ஓட்டுவதே எங்களுக்குள் ஒரு கெட்டிக்காரத்தனமாகிவிட்டது. வந்த புதிதில் அக்கா அடிக்கடி குடிப்பார், அடிக்கடி டோக்கன் எடுப்பார். "ஏனுங்கக்கா, தண்ணியக் கொறச்சுக்கோங்க. மேனேஜர் கண்ணுல படாம இருக்கலாமுங்க" என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். நல்லது செய்வதாக நினைப்பு எனக்கு.

அக்கா பிறந்தது கூடலூர் மலைப்பக்கம். சிறு வயதிலேயே திருப்பூருக்கு வந்து, பேச்சும் எங்கள் பேச்சாகவே ஆகிவிட்டது. எலும்பெல்லாம் குடைகிறது என்பார். கண் மஞ்சளாக இருக்கும். காமாலை என்று நாங்களே முடிவு கட்டி, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். லீவு கேட்டால், ஷிப்மென்ட் வந்தால்தான் வலியும் வருமா என்று கேலி செய்வேன்.

ஒரு சித்திரை மத்தியானம், தகரக் கூரை கொதித்துக்கொண்டிருந்தபோது, அக்கா பனியன் குவியல்மேல் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி லேபில் அவரிடம் எடுத்த ரத்தத்தில் ஏதோ பொடியைக் கரைத்து விட்டார்கள். டையிங்கில் சாயத்தை உரிக்கப் போடும் ஹைட்ரோஸ்தான் அது, ரத்தத்திலிருந்து ஆக்சிஜனைப் பறித்துப் பார்க்கிறோம் என்றார்கள். டாக்டர் என்னையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். வட்டமாக இருக்க வேண்டிய செல்கள் கதிர் அரிவாள்களாக வளைந்து கிடந்தன.

"பொறப்புலயே இவங்க ஹீமோகுளோபின் வேற மாதிரிங்க. இதுலயே வேற சிலருக்கு வர்ற இன்னொரு வகை, செல்லுக்குள்ள படிகமாக் கட்டிக்கும். இவங்களுக்கு ஆக்சிஜன் கொறஞ்சாலோ, ஒடம்புல தண்ணி வத்துனாலோ, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கம்பியாட்ட வெறைச்சுக்கும். அந்த செல்லு போயி ரத்தக் குழாயை அடைச்சுரும்" என்றவர், "தண்ணி நல்லாக் குடிப்பாங்களா?" என்று கேட்டார்.



வார்டில் நர்ஸ் டம்ளரை நீட்டியபோது அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். மூச்சு வாங்கியபடி என்னைத் தேடினார். "கண்ணு, டோக்கன் இப்ப ஆருகிட்ட இருக்குது?"

"இங்க டோக்கன் இல்லீங்கக்கா, குடிங்க" என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் நம்பவில்லை. மறுநாள் விடிவதற்குள் போய்விட்டார். அவரைக் கொன்றதில் எனக்கும் பங்குண்டு என்று இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது வேறொரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். இங்கே டோக்கன் கிடையாது. இருந்தும் பெண்கள் பழக்கத்தில் குடிக்காமலே நிற்கிறார்கள். மணிக்கொரு தடவை குடிக்கச் சொல்லிக் கத்துகிறேன். தண்ணிப் பைத்தியம் என்று எனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அக்காவை எடுத்த அன்று, டேபிளடியில் கிடந்த பாட்டிலை அவர் வீட்டில் கொடுக்க எடுத்தேன். கனத்தது. நான் சொன்ன சொல்லை அக்கா தட்டவேயில்லை. ஒரு மடக்குகூடக் குறைந்திருக்கவில்லை.