பிடிக்கவில்லை என்றால் இன்னொரு முறை

காரைக்குடியில் நாங்கள் சிலர் மாதம் ஒரு ஞாயிறு கூடி, அதிகம் பேர் படித்திராத புத்தகங்களைப் பற்றிப் பேசுகிறோம். யாருக்கு எந்தப் புத்தகம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். ஒருவருக்குத் தேனீ வளர்ப்பு, ஒருவருக்குத் துப்பறியும் நாவல், எனக்கு ஒரு கருவாட்டு வியாபாரியின் தன்வரலாறு. பக்கத்துக்குப் பக்கம் தன்னையே மெச்சிக்கொள்கிறார்.

“பிடிக்கலை” என்றேன்.

கூட்டத்தை நடத்தும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் சிரித்தார். “மேலாப்புல படிச்சிருக்கீக. இன்னொருக்காப் படிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் வேற புத்தகம் கிடையாது.”

அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த மாதமும். விலகிவிடலாம்தான், ஆனால் ஊரில் புத்தகம் பேச எனக்கு வேறு ஆள் இல்லை. மற்றவர்களோ படித்ததை வாயாரப் புகழ்ந்துவிட்டு, புதியதை வாங்கிக்கொண்டு போனார்கள். இவர்களுக்கு மட்டும் எப்படி எல்லாமே பிடித்துத் தொலைக்கிறது என்று எரிச்சலாக வந்தது.

போன ஞாயிறு, தேனீப் புத்தகத்தை ஆகா ஓகோ என்று புகழ்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் என் காதோரம் குனிந்தார். “நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போங்கண்ணே. நாங்கல்லாம் பின்ன எப்படித் தப்பிச்சு வந்தோம்னு நினைக்கிறீக?”

என் முறை வந்தது. எழுந்தேன். ‘நல்லாருக்கு’ என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்; “பிடிக்கலை” என்றுதான் வந்தது.

கருவாட்டு வியாபாரி இன்னமும் என் பையில்தான் இருக்கிறார்.