தலைவரைக் காப்பாற்றப் போன கதை

அம்மாவின் தம்பியான என் மாமா, காளவாசல் ரசிகர் மன்றத்துக்குத் தலைவர். அவர் ‘தலைவர்’ என்று கும்பிடும் கதாநாயகன் அடுத்த படத்தில் அரிசி ஆலைக் கூலியாக நடித்துக் கடைசியில் செத்துப்போகப் போகிறார் என்று சேதி வந்த அன்று, மாமா சோற்றைத் தொடவில்லை.

“சாகுற ஆளு கட்அவுட்டுக்கு எப்படிக்கா பாலு ஊத்துறது? எழவு வீட்டுப் பால் தெளிப்பு மாதிரில்ல ஆகிப்போகும்!” என்று அம்மாவிடம் குமுறினார்.

நல்லவேளையாக, கதாநாயகன் இன்னும் சரி சொல்லவில்லையாம். தல்லாகுளத்து ஹோட்டலில் தங்கி யோசித்துக்கொண்டிருந்தார். மாமா உடனே திட்டம் போட்டார். எட்டு வயதான நான் கதாநாயகன் காலில் விழுந்து, “சாகாதீங்கண்ணே” என்று அழ வேண்டும். ஒத்திகையில் நான் அழுத அழுகைக்குப் பக்கத்து வீட்டார் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். நடிப்பு எனக்கு அப்படி வரும்!

ஹோட்டல் அறைக்குள் நுழைந்தோம். சோபாவில் சாட்சாத் அவரேதான். பக்கத்தில் கசங்கிய சட்டையோடு அரிசி ஆலைப் படத்தின் டைரக்டர். எனக்குத் தலை கிறுகிறுத்தது.

“என்ன தம்பி?” என்றார் கதாநாயகன்.

பாடம் பண்ணியதெல்லாம் பறந்துவிட்டது. வாயில் மிச்சமிருந்தது வந்தது:

“செத்துப்போங்கண்ணே!”

டைரக்டர் துள்ளி எழுந்தார். “குழந்தையே சொல்லிருச்சு சார்!”

மாமா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார் பாருங்கள், ஹோட்டலே அதிர அலறினேன். கதாநாயகன் பதறி என்னை மடியில் தூக்கிக்கொண்டார்.

“சொல்லிட்டு அவனே தாங்க முடியாம அழுறான் பாருங்க. இந்தக் கதை வேணாம் சார். போலீஸ் கதை ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க” என்றார் டைரக்டரிடம்.

மாமா அறைக்குள்ளேயே விசில் அடித்தார். அடுத்த தீபாவளிக்கு வேறொருவர் எடுத்த படத்தில் தலைவர் போலீஸாக வந்து ஊரையே சுட்டார். அவர்மேல் ஒரு தோட்டாவும் படவில்லை. நாங்கள் குடம் குடமாகப் பால் ஊற்றினோம். அரிசி ஆலைப் படம் மட்டும் கடைசிவரை வரவேயில்லை.

அன்று ஹோட்டல் அறையிலிருந்து மாமாவின் தோளில் ஏறி வெற்றிவீரனாகப் படி இறங்கும்போது, டைரக்டரும் கூடவே இறங்கி வந்தார்.

“தம்பி, அந்தக் கூலிக்காரன் சாகணும்னு உனக்கு ஏன்டா தோணுச்சு?” என்று ஆசையாகக் கேட்டார்.

“பயத்துல வாய் குளறிருச்சுங்க” என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். தலைவர் பிழைத்துக்கொண்டதில் இவருக்கும் எம்புட்டு சந்தோஷம் என்று நினைத்து, நானும் கைதட்டிச் சிரித்தேன்.