பாதையேறிப் போய்ப் பெற்ற மகள்

2009ஆம் ஆண்டு புரட்டாதி மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு வீட்டிலிருந்து புறப்பட்டோம். எங்கள் சிற்றூர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், மண்டூர்த் துறையிலிருந்து ஆறு கிலோமீற்றர் உள்ளே இருக்கிறது. சூரியன் படுகிற பக்கம் என்பதால் இதைப் படுவான்கரை என்பார்கள். சூரியன் எழுகிற அக்கரை எழுவான்கரை. ஆஸ்பத்திரி அங்கேதான். தரையில் ஆறு கிலோமீற்றர், தண்ணீரில் ஒன்று, மறுபடி தரையில் நாலு. சும்மா நாளில் ஒரு மணித்தியாலப் பயணம். எனக்கு நாலரை மணிக்கே வலி தொடங்கியிருந்தது.

ஓட்டோவின் பின் ஆசனத்தில் மூன்று பெண்கள். நடுவில் நான். வலப்பக்கம் ஸ்டெல்லா அக்கா, இடப்பக்கம் கிறேஸ். என் கணவர் யோகன் மோட்டார் சைக்கிளில் பின்னால் வந்தார். இரண்டரை வயது மகன் நித்திரையில் இருந்தபடியே மச்சாள் வீட்டில் விடப்பட்டான்.

அந்த இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா அக்காவுக்கு ஐம்பது வயது, நாலு பிள்ளைகள், இடியப்பம் அவித்து விற்பவர். கிறேஸ் தையல்காரி, முப்பது வயதும் ஆகவில்லை. இருவரும் எங்கள் ஜெபவீட்டுக்கு வருகிறவர்கள். சுனாமிக்குப் பிறகு அகதி முகாமுக்கு வந்த ஒரு வெள்ளைக்கார மருத்துவமாது, இவர்கள் இருவர் உட்பட அங்கிருந்த பெண்கள் சிலருக்கு ஒரு வேலை பழக்கிவிட்டுப் போனார். பிள்ளை பெறுகிறவளுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் அந்த வேலை. மருந்து கொடுப்பதில்லை, பிள்ளையை எடுப்பதுமில்லை. கை பிடிப்பது, இடுப்பு உரசிவிடுவது, தண்ணீர் பருக்குவது, நடக்க வைப்பது, ஜெபிப்பது. அதற்கு டூலா என்று பெயராம். எங்கள் ஊரில் அந்தப் பெயர் ஒருவருக்கும் வாயில் வரவில்லை. "துணைக்கு நிக்கிற ஆக்கள்" என்றே சொல்வார்கள்.

எனக்கு அந்தத் துணை தேவையாக இருந்தது. என் அம்மா கல்லடிக் கடற்கரையில், நத்தார்ப் பண்டிகைக்கு மறுநாள் வந்த சுனாமி அலையில் போனவர். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. நான் அழவில்லை. அப்பாவையும் தம்பியையும் பார்க்க வேண்டியிருந்தது. 2007இல் படுவான்கரை முழுவதும் சண்டைக்குப் பயந்து வாவியைக் கடந்து ஓடியபோது மகன் பிறந்தான். சனம் நிரம்பி வழிந்த ஒரு வார்டு. தூரத்தில் ஷெல் விழும் சத்தம். அன்று எனக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல் பெற்றேன். பிள்ளை சுகமாகத்தான் பிறந்தான். ஆனால் இரண்டாவது வயிற்றில் தங்கியது தெரிந்த நாளிலிருந்து அந்த வார்டு கனவில் வந்துகொண்டே இருந்தது.

ஐந்தரை மணிக்குச் சோதனைச் சாவடி. யுத்தம் முடிந்து நாலு மாதமாகியும் சாவடி அப்படியே இருந்தது. வழக்கமாக இறங்கி நடந்து, அடையாள அட்டை காட்டி, பையைத் திறந்து காட்ட வேண்டும். சிப்பாய் டோர்ச்சை உள்ளே அடித்தான். வெளிச்சம் என் வயிற்றில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து வலி வந்தது. நான் வாயைத் திறந்து நீளமாக "ஆ..." என்றேன். ஸ்டெல்லா அக்கா அப்படித்தான் பழக்கியிருந்தார். "பல்லக் கடிக்காத. வாய் திறந்தாத்தான்கா வழி திறக்கும்" என்பது அவருடைய பாடம்.

சிப்பாய் இரண்டடி பின்னால் போனான். "அக்கா, போங்க, போங்க!" என்று தடியைத் தூக்கினான். அட்டையை நீட்டிய யோகனையும் தள்ளாத குறையாக அனுப்பினான்.

இருபுறமும் சிறுபோக அறுவடை முடிந்த வயல்வட்டைகள். வைக்கோல் மணம். கிறேஸ் மெல்லிய குரலில் ஜெபவீட்டுப் பாட்டொன்றைப் பாடிக்கொண்டு வந்தாள். வலி வரும்போது குரலை உயர்த்துவாள், போகும்போது தணிப்பாள்.

ஐந்து ஐம்பதுக்கு மண்டூர்த் துறை. எங்கள் ஆட்கள் வாவியைக் கடக்கும் மிதவையைப் பாதை என்பார்கள். இரண்டு பெரிய வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை அடித்து, என்ஜின் பூட்டியது. ஆளுக்குப் பத்து ரூபாய், ஓட்டோவுக்கு ஐம்பது. ஆனால் பாதை அக்கரையில் நின்றது. உழவு இயந்திரம் ஒன்றை ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், வர முக்கால் மணித்தியாலம் ஆகும் என்றார் தேத்தண்ணீர்க் கடைக்காரர்.

யோகன் கரையில் அங்குமிங்கும் நடந்தார். "பாலத்தால சுத்திப் போவமா?" என்றார்.

"ரோட்டுக் கிடக்கிற கிடையில அவ வழியிலயே பெத்துப்போடுவா" என்றார் ஸ்டெல்லா அக்கா. "இஞ்சயே நிப்பம். புள்ள நடக்கட்டும்."

நடந்தேன். வாவிக்கரை ஈரமணலில், ஒரு கை ஸ்டெல்லா அக்காவின் தோளில், ஒரு கை கிறேஸின் தோளில். அக்கரையில் வானம் முதலில் சாம்பலாகவும் பிறகு மாதுளை முத்து நிறமாகவும் மாறியது. வலைத்தோணிகள் திரும்பிக்கொண்டிருந்தன. இரண்டு வலிக்கு நடுவில் வரும் சும்மாவான நேரத்தில் உலகம் எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்பதை அன்றுதான் கண்டேன்.

ஆறே முக்காலுக்குப் பாதையில் ஏறினோம். தயிர்ச்சட்டிகளை உறியில் கட்டிய இரண்டு பேர், சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுபோகும் பெண்கள், சைக்கிள்கள், ஓட்டோவோடு நாங்கள். நடு வாவியில் பெரிய வலி வந்து நான் பலகையில் முழங்காலில் இருந்துவிட்டேன். சொல்லாமல் கொள்ளாமல் கத்தரிக்காய்க்காரப் பெண்கள் நாலு பேரும் எழும்பி, முதுகைக் காட்டி, என்னைச் சுற்றி வட்டமாக நின்றுகொண்டார்கள். ஒருவர் "முருகா, முருகா" என்றார். ஸ்டெல்லா அக்கா "இயேசப்பா, இயேசப்பா" என்றார். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

பாதைக்காரருக்குத்தான் பதற்றம். "தங்கச்சி, கொஞ்சம் பொறுத்துக்க. இஞ்ச பொறந்தா நான் டிக்கெட் எழுதேலாது!"

"பொறந்தாப் பாதைராசா எண்டு பேர் வைப்பம்" என்றார் தயிர்க்காரர்.

வலியின் நடுவிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது. அது எனக்கே புதுமையாக இருந்தது.

ஏழு ஐந்துக்கு எழுவான்கரை. ஏழு இருபத்தைந்துக்கு ஆஸ்பத்திரி. வார்டு வாசலில் ஒரு மருத்துவமாது நின்றார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் மிஸ்ஸி என்றே கூப்பிடுவார்கள். வெள்ளை உடுப்பு, தலையை மூடிய வெள்ளைத் துணி. காத்தான்குடிக்காரர் என்று பிறகு அறிந்தேன்.

"ஒரு ஆள்தான் உள்ள வரலாம்" என்றார்.

"நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் மிஸ்ஸி" என்றாள் கிறேஸ்.

"கட்டில் ஒண்டு, துணை ஒண்டு. அதுவும் பெரிய டொக்டர்ட அனுமதியில."

ஸ்டெல்லா அக்கா உள்ளே வந்தார். கிறேஸ் சுற்றிப்போய் வார்டு யன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் இருந்துகொண்டாள். அங்கிருந்து பாட்டுத் தொடங்கியது. மிஸ்ஸி யன்னலால் எட்டிப் பார்த்து, "இது ஆஸ்பத்திரி புள்ள, பாட்டெல்லாம் வேணாம்" என்றார். பாட்டு நின்றது.

பத்து மணிவரை நன்றாகப் போனது. பிறகு எல்லாம் நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. வலி இருந்தது, முன்னேற்றம் இல்லை. பதினொரு மணிக்கு மிஸ்ஸி பரிசோதித்துவிட்டு, ஸ்டெல்லா அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னார். "புள்ளட நெஞ்சுத் துடிப்பு நல்லாரிக்கு. ஆனா இன்னும் ஒரு மணித்தியாலத்தில ஒண்டும் நடக்காட்டி அம்புலன்ஸில மட்டக்களப்புக்கு அனுப்போணும். ஒப்பரேசன் எண்டும் சொல்லுவாங்க."

எனக்குக் கேட்டது. கண்ணை மூடினேன். அந்த வார்டு வந்துவிட்டது. கை தானாகச் சட்டைக் கழுத்தை வாய்க்கு இழுத்தது. ஸ்டெல்லா அக்கா அதைக் கண்டுவிட்டார். துணியை மெல்ல வாயிலிருந்து எடுத்தார்.

"எழும்புகா. நடப்பம்."

"ஏலாதக்கா."

"என்ட கழுத்தப் புடி. உன்ட பாரம் முழுக்க என்னில விடு. நான் இடியப்ப உரல் புழியிறவ, தாங்குவன்."

அவர் கழுத்தைக் கட்டித் தொங்கினேன். நின்ற இடத்திலேயே இருவரும் இடமும் வலமுமாக ஆடினோம். அவர் என் காதுக்குள் ஜெபித்தார். பெரிய வார்த்தைகள் இல்லை. "ஆண்டவரே, இந்தப் புள்ளைக்குப் பயம். நீர் கிட்ட வாரும்." அவ்வளவுதான், திரும்பத் திரும்ப.

"அக்கா, முந்தி ஒருத்தரும் இல்ல" என்றேன்.

"தெரியும்."

"அம்மாவக் கூப்பிடணும் மாதிரி இரிந்திச்சி. கூப்பிடல்ல."

"இப்ப கூப்பிடு."

"அவ இல்லயே."

"இல்லத்தான். ஆனா கூப்பிடுறதுக்கு உனக்கு வாய் இரிக்கி. நான் புடிச்சிரிக்கன், நீ கூப்பிடு."

அடுத்த வலி வந்தது. "அம்மா" என்று கத்தினேன். ஐந்து வருடமாக உள்ளே கிடந்த சொல். வார்டு முழுக்க அதிர்ந்தது. பக்கத்துக் கட்டில் பெண் எழும்பி இருந்துவிட்டாள். கண்ணீர் ஸ்டெல்லா அக்காவின் தோளை நனைத்தது. நான் அழ அழ அவர் ஆடுவதை நிறுத்தவில்லை. மூன்றாவது தடவை கத்தியபோது தண்ணீர்க்குடம் உடைந்து அவர் காலெல்லாம் கொட்டியது.

"ஸ்தோத்திரம்!" என்றார் அவர், கால் நனைந்தது ஏதோ பரிசு கிடைத்த மாதிரி.

மிஸ்ஸி ஓடி வந்தார், பார்த்தார், முகம் மலர்ந்தது. "அம்புலன்ஸ் வேணாம்" என்றார். பிறகு யன்னல் பக்கம் திரும்பி, "புள்ள, ஏன் சும்மா இரிக்காய்? பாடு!" என்றார்.

"நீங்கதானே மிஸ்ஸி நிப்பாட்டச் சொன்னீங்க!" கிறேஸின் குரல்.

"இப்ப நான் சொல்றன், பாடு!"

கிறேஸ் பாடினாள். பகல் ஒரு மணி இருபது நிமிடத்துக்கு என் மகள் பிறந்தாள். ஊசியில்லை, ஒப்பரேசன் இல்லை. மூன்று கிலோ நூறு கிராம். ஈரமும் சூடுமாக என் நெஞ்சில் கிடத்தினார்கள். அவள் அழுதாள். நானும் அழுதேன், சிரித்தேன், எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை. மிஸ்ஸி "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். வெளியே யோகன் கிறேஸிடம், "ஆர் அழுறது, தாயா மகளா?" என்று கேட்டாராம். "ரெண்டு பேரும்தான்" என்றாளாம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் துண்டு வெட்டி எங்களை வீட்டுக்கு விட்டார்கள். புறப்படும்போது மிஸ்ஸி வாசல்வரை வந்தார். ஸ்டெல்லா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "என்ட தங்கச்சிக்கு ஐப்பசியில நாள். முதல் புள்ள. நல்லாப் பயப்பிடுறா. நான் மிஸ்ஸிதான், எண்டாலும் அக்காவா நிக்கக்குள்ள எனக்கே கை நடுங்கும். நீங்க வருவீங்களா?"

"அதுக்கென்ன மிஸ்ஸி, பாதை ஓடினா வாறம்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

திரும்பும் வழியில் வாவி வெயிலில் வெள்ளித் தகடாகக் கிடந்தது. மகள் என் மடியில் நித்திரை. யோகன் தன் நிழலை அவள் முகத்தில் விழுத்திக்கொண்டு, பாதை கரை சேரும்வரை ஆடாமல் நின்றார்.

வீட்டுக்கு வந்தபின் ஊர்ப் பெண்கள் பார்க்க வந்தார்கள். எல்லோரும் "எப்பிடிகா பொறந்திச்சி?" என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். மகன் பிறந்தபோதும் இதே பெண்கள், சண்டைக்கு ஓடிப்போய் இருந்த முகாமில், இதே கேள்வியைக் கேட்டவர்கள்தான். அன்று "பொறந்திட்டான்" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இம்முறை முதல் நாள் நாலு தரம் சொன்னேன், அடுத்த நாள் ஏழு தரம். சொல்லச் சொல்ல அது நீண்டுகொண்டே போனது. கேட்கிறவர்கள் பாயில் வசதியாக இருந்துகொண்டு, "பொறு பொறு, முதல்ல இருந்து சொல்லு" என்றார்கள். நான் முதலில் இருந்து சொன்னேன்.