குணா அனுப்பிய கடைசி ஆம்பியன்ஸ்

குணா போய்விட்டான்.

நேற்று மதியம் அவன் ஊர் எறையூரில் எடுத்தார்கள். எங்கள் கிளாஸ் மொத்தமும் பெரம்பலூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போய் இறங்கினோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை...

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். குணசேகர், என் கிளாஸ்மேட். ஒளிபரப்பு இதழியல் டிகிரி, கடைசி வருஷம். ஃபைனல் ப்ராஜெக்டில் நாங்கள் இருவர்தான் ஒரு டீம். கேமராவும் சவுண்டும் அவன், எடிட்டிங் நான்.

அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிவிட்டு வேலிகூடப் போடாமல் விட்ட குழிகளைப் பற்றித்தான் எங்கள் டாக்குமெண்டரி. அப்படி ஒரு குழியின் தண்ணீரிலிருந்துதான் செவ்வாய்க்கிழமை காலை அவனை வெளியே எடுத்தார்கள். வீடியோ எடுக்கும்போது கால் வழுக்கியிருக்கும் என்கிறார்கள்.

கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. குழி விளிம்பிலிருந்து பத்தடி தள்ளித்தான் டிரைபாடையே வைப்பான். கொஞ்சம் கிட்டே போடா, ஃப்ரேம் நன்றாக இருக்கும் என்று நான் தொண்டை கிழியக் கத்தினாலும் நகர மாட்டான்.

"எனக்கு நீச்சல் தெரியாது. வுழுந்தா நீயா வந்து தூக்கப்போற?"

ஃபர்ஸ்ட் இயரில் நியூஸ் வாசிக்கச் சொன்னபோது 'மழையில் இடிந்த வூடுகள்' என்று கம்பீரமாக வாசித்தவன் இவன். கிளாஸே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான். அன்றைக்கு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டவன் பிறகு கழற்றவே இல்லை.

கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர் மகன். எந்த வண்டி வந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவான்...

அவனுக்கு ஒரு பழக்கம். எந்த இடத்தில் ஷூட் முடித்தாலும் ஒரு நிமிடம் சும்மா நின்று அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் ரெக்கார்ட் பண்ணுவான். ஆம்பியன்ஸ் என்போம். எடிட்டிங்கில் பேச்சுக்கு அடியில் போட அது வேண்டும்.

அந்த ஒரு நிமிடம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் ஒருமுறை தும்மிவிட்டேன். அரை நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எடுத்ததும் ஊர்ப் பெயர் போட்டு எனக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவான். ஸ்டோரேஜ் ஃபுல் என்று நான் திட்டிக்கொண்டே இருப்பேன்.

போன மாதம் அவன் அனுப்பியவற்றில் ஒரே ரோதனை. மூன்று ஊர், மூன்று குழி... மூன்றிலும் நடுவில் ஒரு பைக் சத்தம். இருமிக்கொண்டே ஓடும் ஏதோ பழைய வண்டி.

எந்த ஊருக்குப் போனாலும் உன் பின்னாலேயே ஒரு ஓட்டை பைக் வருகிறதே என்று கிண்டல் பண்ணினேன்.

"நம்ம பின்னாடி வரதுக்கும் ஒரு ஆளு வேணும்ல" என்றான்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன்.

அப்புறம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக, அந்த பைக் சத்தத்தைத் துடைத்து எடுத்தேன். நாய்ஸ் என்றால் எடுத்துவிட வேண்டும். மூன்று வருஷமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். ரிவ்யூவில் சவுண்ட் ரொம்ப கிளீனாக இருக்கிறது என்று பாராட்டினார்கள். எனக்கு அன்று தலைகால் புரியவில்லை.

கிண்டலுக்குச் சொன்னேனே தவிர, மூன்றிலும் நிஜமாகவே ஒரே பைக் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

குணாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

நேற்று அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்கள். "ஒங்கிட்ட சொல்லாம இருக்க மாட்டானேம்மா... கடைசியா என்ன சொன்னான்?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு ஆடியோ வந்திருந்தது. இன்னொரு ஆம்பியன்ஸ்தானே, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். திறக்கவே இல்லை. பாவி நான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன்.

முதலில் காற்று. ஒரு மயில். தூரத்தில் லாரி. அரை நிமிடம் போனதும் அந்த பைக்... கிட்டே வருகிறது. இந்தத் தடவை கடந்து போகவில்லை. நிற்கிறது. இன்ஜின் அணைகிறது.

பிறகு குணாவின் குரல். ஆம்பியன்ஸில் ஒரு நாளும் வாய் திறக்காதவன்.

"சொல்லுங்கண்ணே... ஒரு நிமிஷம், இத முடிச்சிட்டு வந்துடறேன்."

அவ்வளவுதான். பதிலுக்கு யாரும் பேசவில்லை. ரெக்கார்டிங் முடிந்துவிடுகிறது.

பஸ் பெரம்பலூர் வருவதற்குள் பழைய மூன்றின் ஒரிஜினலையும் தேடி எடுத்துக் கேட்டேன். நல்ல வேளை, டெலிட் பண்ணியிருக்கவில்லை. அதே இருமல். நான்கிலும்.

இன்று காலை போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். பைக் எல்லா ஊரிலும்தான் ஓடும் என்றார் அங்கிருந்தவர். அடுத்து, ஃபோனை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

அந்த 'அண்ணே' யார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒன்றை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதி வைக்கிறேன். அந்த நான்கு ஆடியோவும் இப்போது என் ஃபோனில் மட்டும் இல்லை. எங்கள் கிளாஸில் இருக்கும் அத்தனை பேர் ஃபோனிலும் இருக்கிறது.

ஆடியோவுக்குக் கீழே அவன் ஒரு வரி டைப் பண்ணியிருந்தான். அம்மா... நீங்கள் கேட்டது இதுதான்.

"சாரி நித்யா, நடுவுல பேசிட்டேன். அத மட்டும் வெட்டிடு."

போய் வா குணா.

வெட்ட மாட்டேன்.